லினக்ஸ் கெர்னல்ல நல்லா ஓடுற ஃபங்ஷனுக்கு எதுக்குப் பேர் மாத்துறாங்க?

ஓடிட்டு இருக்குற கோட்ல பேரை மட்டும் மாத்தி என்னத்த சாதிக்கப் போறாங்கன்னு கேட்டிருக்கீங்க. நான் கெர்னல்ல, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதியில, ஹார்டுவேரை இயக்குற டிவைஸ் டிரைவர் எழுதுற ஆளு, பட்டதை வச்சு சொல்றேன்.

கெர்னல் எழுதியிருக்குற சி லாங்குவேஜ்ல நேம்ஸ்பேஸே (பேர் மோதாம தனித்தனியா பிரிச்சு வைக்கிற வசதி) கிடையாது. ஸ்டேட்டிக்னு (இந்த ஃபைலுக்குள்ள மட்டும்னு அர்த்தம்) போடாத ஃபங்ஷன் அத்தனையும் ஒரே பொது இடத்துல வந்து விழும். எங்க டிரைவர் ஒண்ணுல ரீசெட்_சிப்னு ஒரு ஃபங்ஷன், ஸ்டேட்டிக் போட விட்டுப்போச்சு, மாட்யூலா (கெர்னலோட சேராத தனித் துண்டா) லோடு பண்ணி மாசக்கணக்கா ஓடிட்டும் இருந்துச்சு, ஒரு சின்ன போர்டுக்காக எல்லா டிரைவரையும் கெர்னலோட சேர்த்தே பில்ட் பண்ணினப்ப எல்லாத்தையும் ஒண்ணா இணைக்கிற லிங்கர் "மல்டிபிள் டெஃபினிஷன்"னு (ஒரே பேர் ரெண்டு எடத்துல இருக்குன்னு) நின்னுடுச்சு. பாத்தா இன்னொரு டிரைவர்லயும் அதே பேரு! அன்னைலேருந்து நான் எழுதுற எதுவும் டிரைவர் பேரை முன்னாடி ஒட்டாம வெளிய போறதில்ல.

கெர்னல்ல இருக்குற டைமர் ஃபங்ஷன்களோட விஷயத்தை எடுத்துக்கங்க. முன்னாடி டைமர்_செட்டப், டைமர்_பெண்டிங்னு சிலது, ஆட்_டைமர், டெல்_டைமர்னு சிலதுன்னு இருந்துச்சு. டைமர்_னு கிரெப் (கோட்ல சொல் தேடுற கமாண்ட்) போட்டா பாதிதான் சிக்கும். கெர்னலோட இன்னொரு துல்லியமான டைமர் வகையான ஹெச்ஆர்டைமர்ல அந்தத் தொல்லை இல்ல, கிட்டத்தட்ட எல்லாமே ஹெச்ஆர்டைமர்_னுதான் ஆரம்பிக்கும். அதனால 6.2 கெர்னல்ல டெல்_டைமரை டைமர்_டிலீட்னு ஆக்கினாங்க, ஆனா பழைய பேரை உடனே தூக்கல, புதுசைக் கூப்பிடுற சின்ன ரேப்பரா விட்டு வச்சாங்க. அப்புறம் 2025ல 6.15 வந்தப்ப கெர்னல் கோட் முழுக்க மொத்தமா மாத்திட்டு பழசை எடுத்துட்டாங்க. மெயின்லைன்ல (அதிகாரபூர்வ கெர்னல் கோட்ல) சேராத எங்க டிரைவர் "இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்"னு (அப்படி ஒரு ஃபங்ஷனே தெரியாதுன்னு) எரர் அடிச்சு நின்னுச்சு, கோவம் வந்தது உண்மைதான், ஆனா மாத்தி முடிச்சப்புறம் டைமர் சம்பந்தப்பட்ட எடத்தைத் தேடுறது எவ்ளோ லேசாச்சுன்னு கண்ணால பாத்தேன். யூசர் ஸ்பேஸ் புரோகிராம் (கெர்னலுக்கு வெளிய ஓடுற சாதாரண புரோகிராம்) எதுவும் இதனால உடையல, அதுங்க கெர்னலைக் கூப்பிடுற சிஸ்டம் கால் பக்கம் யாரும் கை வைக்க மாட்டாங்க.

நீங்க இந்த மாதிரி பேட்ச் (கோட் மாற்றம்) அனுப்பறதா இருந்தா பேர் மாத்துறதோட லாஜிக்கை ஒரு வரி கூட கலக்காதீங்க, நூத்துக்கணக்கான வரி ஒரே மாதிரி மாறி இருக்கும்போது அந்த ஒரு வரி ரிவ்யூ பண்றவர் கண்ணுல படாது. காக்சினெல் மாதிரி கோடைத் தானா மாத்துற டூல் வச்சு மாத்தினீங்கன்னா அந்த ஸ்க்ரிப்டையும் கமிட் மெசேஜ்ல (மாற்றத்தோட சேர்த்து எழுதுற குறிப்புல) போடுங்க. பழைய பேரையும் அதுலயே எழுதிடுங்க, ரெண்டு வருஷம் கழிச்சு பில்ட் உடைஞ்சு வர்றவர் அந்தப் பேரை வச்சுதான் தேடுவார்.