கச்சேரிப் பதிவைக் கையடக்கக் கருவியிலிருந்து கணினிக்கு மாற்றினால் ஒலித்தரம் குறையுமா?

குறையாது. மாற்றுதல் என்பது, மெமரி கார்டில் எண்களாகச் சேமிக்கப்பட்டுள்ள ஒலியைக் கணினியில் அப்படியே நகலெடுப்பதாகும். பாலக்காட்டில் கல்பாத்தித் தேர்த் திருவிழாவையொட்டி நடக்கும் சங்கீத உற்சவத்தில் ஒரு கச்சேரியை 16 பிட் ஸ்டீரியோ வேவ் (WAV, ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வகை) கோப்பாகப் பதிந்தால், நொடிக்கு 44,100 முறை அளக்கப்படும் அந்த ஒலி நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் இடம்பிடிக்கும். யூஎஸ்பி வழியாகவோ கார்டு ரீடர் வழியாகவோ எடுக்கும்போது இந்த எண்களே நகலாவதால், தொலைபேசி எண்ணை வேறொரு தாளில் எழுதிக்கொள்வதைப் போல, எதுவும் மாறுவதில்லை. ஹெட்போன் துளையிலிருந்து கம்பி இழுத்து மறுபடி பதிவதுதான் வீண்வேலை. மூன்று மணி நேரக் கச்சேரிக்கு அதே மூன்று மணி நேரம் ஆகும், இரைச்சலும் சேரக்கூடும்.

நீண்ட கச்சேரி இரண்டு கோப்புகளாகக் கிடப்பதைக் கண்டு, பதிவு இடையில் அறுந்துவிட்டதாகப் பலர் நினைக்கிறார்கள்; உண்மையில், கோப்பு 2 அல்லது 4 ஜிகாபைட் வரம்பை எட்டியதும் பல கருவிகள் தாமாகவே அடுத்த கோப்பைத் தொடங்குகின்றன.