டி.டி.எஸ். மீட்டர் வைத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு இருக்கிறதா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. டி.டி.எஸ். என்றால் தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பு, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். நீங்களும் ஆன்லைனில் மீட்டர் வாங்கி, 500-க்குக் கீழே காட்டியதும் நிம்மதியாகியிருப்பீர்கள். பென்னாகரம் பக்கம் இருக்கும் என் தாய்மாமாவும் அப்படித்தான். அவர் போரில் 480 காட்டியது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம் இருக்கும் தர்மபுரி மாவட்டத்தில் பிறந்தவன் என்பதால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. மாமா பிள்ளைகளின் பல்லில் காவி ஏறியிருந்தது; ஃப்ளோரைடு கூடினால் அப்படித்தான் ஆகும்.

அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்று மட்டுமே பார்க்கும். எந்த உப்பு என்று அதற்குத் தெரியாது. ஃப்ளோரைடை மட்டும் அளக்கத் தனி மின்முனை (எலக்ட்ரோடு) உண்டு. 1966-ல் வந்தது. நுனியில் லாந்தனம் ஃப்ளோரைடு படிகம். அதற்குள் ஃப்ளோரைடு அயனி மட்டும்தான் நகரும்.

நான் எம்.எஸ்சி. படித்த துறையில் ஒன்று இருந்தது. இருந்தது என்றால், பீரோவில். ஆய்வுக் குழு வரும் அன்று மட்டும் மேசைக்கு வரும். சாவிக்கு மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கினேன். மாணவன் கை பட்டால் உடைந்துவிடுமாம். பூட்டி வைக்கவா லட்சக்கணக்கில் சாமான் வாங்குகிறார்கள்? சரி, அதை விடுங்கள்.

முதல் தடவை டிசாப் கரைசலைச் சேர்க்க மறந்துவிட்டேன். எண் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. அலுமினியம், இரும்பு பிடித்து வைத்திருக்கும் ஃப்ளோரைடை விடுவித்து, பி.எச்.சை (அமிலத்தன்மை அளவை) 5-க்குச் சற்று மேலே நிறுத்துவது அந்தக் கரைசல்தான். சேர்த்த பிறகு லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு என்று முன்பே தெரிந்த தரக்கரைசலுக்கு 118 மில்லிவோல்ட், 10-க்கு 60. மாமா தண்ணீருக்கு 96. கணக்குப் போட்டால் லிட்டருக்கு 2.4 மில்லிகிராம். அனுமதி 1, வேறு வழியே இல்லையென்றால் 1.5. அந்த 480-ல் இது அரை சதவீதம். மீட்டரில் எப்படித் தெரியும்?

“காய்ச்சித்தானே மாப்ள குடிக்கிறோம்?” என்றார் மாமா. காய்ச்சினால் தண்ணீர்தான் ஆவியாகும், ஃப்ளோரைடு அங்கேயேதான் இருக்கும்.

கடத்துதிறனை, அதாவது மின்சாரம் பாயும் அளவை வைத்தே ஃப்ளோரைடைக் கணித்த கட்டுரை இருக்கிறது என்று இணைப்போடு வருகிறவர்களுக்கு: ஒரு ஊருக்குப் பொருந்துவது அடுத்த ஊர் போருக்குப் பொருந்தாது. நான் விஞ்ஞானியும் இல்லை, ஆர்.ஓ. விற்பவனும் இல்லை.

பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். மாமா இப்போது ஒகேனக்கல் தண்ணீர்தான் குடிக்கிறார். அதிலும் மீட்டரை விட்டுப் பார்த்துவிட்டுத்தான்.