வாசகர் கேட்கிறார்கள்: பெருந்தொற்றும் பிறனும்

கேள்வி: ‘வாதை உன் கூடாரத்தை அணுகாது’ என்கிறது 91ஆம் சங்கீதம். அப்படியிருக்க, முகக்கவசம் போடுவது அவிசுவாசம் இல்லையா?

பதில்: இல்லை. அந்த வசனத்தை அடுத்து வரும் இரண்டு வசனங்களைக் காட்டித்தான் பிசாசு, தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொன்னான். இயேசு குதிக்கவில்லை. ‘உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக’ என்று பதில் சொன்னார் (மத்தேயு 4:7).

1527இல் ஜெர்மனியின் விட்டன்பெர்க்கில் கொள்ளைநோய் பரவி, பல்கலைக்கழகமே யேனா நகருக்கு இடம் மாறியபோது, சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் ஊரிலேயே தங்கினார். நோய்க்குப் பயந்து ஓடலாமா என்று கேட்டவர்களுக்கு அவர் எழுதிய பதிலில் இரண்டு பக்கமும் இருக்கிறது. போதகரும், ஊர்ப் பொறுப்பில் உள்ளவரும், நோயாளியைக் கவனிக்கக் கடமைப்பட்டவரும் விட்டுப்போகக் கூடாது. மற்றவர்கள், கவனிக்க வேறு ஆள் இருந்தால், போகலாம். தங்குகிறவர் வீட்டுக்குப் புகை போட வேண்டும், மருந்து சாப்பிட வேண்டும், தேவையில்லாத இடத்துக்கும் ஆளிடமும் போகாமலிருக்க வேண்டும். தன் அஜாக்கிரதையால் இன்னொருவர் செத்தால் அந்தப் பழி தன்மேல் வரும் என்பது அவர் கருத்து. முகக்கவசத்தையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்குக் கோவிட். உள்ளே போகாமல் எப்படி உதவுவது?

பதில்: முதலில் ஆளை முடிவு செய்யுங்கள். முதல் நாள் ஐந்து வீட்டுச் சாப்பாடு வந்து குவியும்; நான்காம் நாள் ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். வழக்கமாக நடக்கும் தப்பு இது. ஒரு பொறுப்பாளர், அவருக்கு ஒரு மாற்று ஆள் போதும். இருவரும் நாள்பட்ட நோய் இல்லாதவர்களாக இருக்கட்டும். இயேசு சொன்ன உவமையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியனும் காயம் கட்டி, சத்திரத்தில் சேர்த்து, இரண்டு பணம் கொடுத்துவிட்டுத் தன் வழியே போனவன்தான். ஆனால் ‘நான் திரும்பிவரும்போது’ என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாப்பாட்டை வாசலில் வைத்து, மணி அடித்து, 2 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அவர் எடுக்கும்வரை நகராதீர்கள். கதவு திறக்கவில்லை என்றால் அதுவே ஒரு தகவல்.

காலையும் மாலையும் குறித்த நேரத்தில் போன் செய்யுங்கள். ‘நல்லா இருக்கீங்களா?’ என்று கேட்டால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் வரும். காய்ச்சல் எவ்வளவு, என்ன சாப்பிட்டார், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தார் என்று கேளுங்கள். ஒரு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் முடிக்கிறாரா என்று கவனியுங்கள்.

பல்ஸ் ஆக்சிமீட்டர் (ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று விரலில் மாட்டிப் பார்க்கும் கருவி) இருந்தால், 5 நிமிடம் உட்கார்ந்து ஓய்வெடுத்த பிறகு மாட்டி, எண் நிலைக்கும்வரை விரலை அசைக்காமல் வைக்கச் சொல்லுங்கள். விரல் சில்லிட்டிருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ அளவு தப்பும். கறுத்த தோலில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டுவதும் உண்டு. 94க்குக் கீழே இறங்கினால் அன்றே மருத்துவரிடம் பேச வேண்டும். 90க்குக் கீழே போனால் உடனே ஆம்புலன்ஸ். மூச்சுத் திணறலோ, உதடு நீலமாவதோ, பேச்சில் குழப்பமோ இருந்தால் எண்ணைப் பார்க்கவே வேண்டாம், உடனே ஆம்புலன்ஸ்.

உள்ளே போயே தீர வேண்டுமென்றால் ஜன்னல்களைத் திறக்கச் சொல்லிவிட்டு, என்95 அணிந்து போய், சீக்கிரம் வெளியே வாருங்கள். தாடி இருந்தால் கவசம் பொருந்தாது, ஓரத்தில் காற்று கசியும். திரும்பியதும் சோப்பு போட்டு 20 விநாடி கை கழுவுங்கள். பையையும் டப்பாவையும் மணிக்கணக்கில் துடைக்கிறவர்கள் ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பதைப் பார்த்தால் சிரிப்புதான் வருகிறது; இந்த நோய் பெரும்பாலும் காற்றில்தான் தொற்றுகிறது.

கேள்வி: ஆராதனையில் பாடினால் அவ்வளவு ஆபத்தா?

பதில்: மூடிய அறையில், ஆம். 2020 மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்த 61 பேரில் 53 பேருக்கு நோய் உறுதியானது அல்லது இருக்கக்கூடும் என்று கணக்கிடப்பட்டது. இருவர் இறந்தார்கள். உரத்த குரலில் நுண்துளிகள் அதிகம் வெளியேறும்; காற்றோட்டம் இல்லாவிட்டால் அவை அங்கேயே மிதக்கும். நோய் உச்சத்தில் இருக்கும்போது திறந்தவெளியில், முகக்கவசத்தோடு, குறைந்த நேரம் பாடுங்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தைச் சுற்றிவர விட வேண்டாம்.

கேள்வி: போதகர் வீட்டுக்கு வந்து கைவைத்து ஜெபிக்காமல் போனில் ஜெபித்தால் போதுமா?

பதில்: நூற்றுக்கு அதிபதியின் (ரோமப் படை அதிகாரியின்) வேலைக்காரன் படுத்திருந்த வீட்டுக்கு இயேசு போகவில்லை, அவன் சுகமானான் (மத்தேயு 8). போனில் தாராளமாக ஜெபிக்கலாம். 5 நிமிடத்தில் முடித்துவிடுங்கள். மூச்சு வாங்குகிறவரை வரிக்கு வரி ‘ஆமென்’ சொல்ல வைக்காதீர்கள்.