விலை குறைந்த ரைஃபிளை எப்படிச் சோதிப்பது?

போன நவராத்திரிக்கு தில்லி மயூர் விஹாரில் ஒரு நண்பர் வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். நான் துக்ளகாபாத் கர்ணி சிங் ரேஞ்சில் (துப்பாக்கி சுடும் மைதானம்) பதினெட்டு வருடமாக ஏர் ரைஃபிள் (காற்றழுத்தத்தில் பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டைத் தள்ளும் துப்பாக்கி) சுடுகிறவன், தெரிந்தவர்களின் துப்பாக்கியைப் பிரித்துச் சரிசெய்து தருகிறவன் என்று யாரோ சொல்லிவிட, சுண்டல் கிண்ணத்தோடு நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அன்று கேட்டவற்றையும், அப்புறம் அந்த வாரம் போனில் வந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முனிர்க்காவிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அண்ணா, குறைந்த விலையில் ஒரு ஸ்பிரிங் ஏர் ரைஃபிள் வாங்கினேன். பத்து மீட்டரில்கூட பெல்லட் ஒரே இடத்தில் விழவில்லை. மலிவான சரக்கு என்பதால்தானா?

தம்பி, நீ அதை மறுநாள் ரேஞ்சுக்கு எடுத்து வந்தாய் அல்லவா, அங்கே பார்த்ததை மற்றவர்களுக்காகவும் எழுதுகிறேன். முதல் பத்து பெல்லட் 40 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிதறியிருந்தது. ஸ்டாக்கின் (துப்பாக்கியைத் தாங்கும் கட்டை) முன்பக்கம் இரண்டு பக்கவாட்டு ஸ்க்ரூ இருக்கும். விரலால் தொட்டதுமே ஒன்று சுற்றியது. இரண்டையும் இறுக்கினோம், ட்ரிகர் கார்டு ஸ்க்ரூவையும் இறுக்கினோம். அடுத்த பத்து 22 மில்லிமீட்டருக்குள் வந்தது. ஸ்பிரிங் ரைஃபிள் ஒவ்வொரு தடவை சுடும்போதும் முன்னும் பின்னும் உதறும். அந்த உதறலில் ஸ்க்ரூ தானாகத் தளரும். என்னிடம் "சரியாகச் சுடவில்லை" என்று வரும் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்கு இதுதான் வியாதி.

மீதிச் சிதறல் உன் பிடியில் இருந்தது. உள்ளே ஸ்பிரிங் தள்ளும் பிஸ்டன் காற்றை அழுத்த முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் வருகிறது. பிஸ்டன் போய் மோதியதும் துப்பாக்கி முன்னால் குதிக்கிறது. இது நடக்கும் நேரத்தில் பெல்லட் இன்னும் குழலுக்குள்தான் இருக்கிறது. நீ இறுக்கிப் பிடித்தால் ஒவ்வொரு தடவையும் உன் இறுக்கம் கொஞ்சம் மாறும், குறியும் அதோடு மாறும். முன்கையைத் திறந்து, உள்ளங்கையில் துப்பாக்கியைச் சும்மா கிடத்து. தோளிலும் அழுத்தாதே. அப்படிச் சுட்டபோது 14 மில்லிமீட்டர் வந்தது. அந்த விலை ரைஃபிளுக்கு அது நல்ல கணக்கு. குறை சொல்ல வேண்டாம்.

துவாரகாவிலிருந்து ஒரு ஐ.டி. ஊழியர்: மூன்று பெல்லட் ஒரே ஓட்டையில் விழுந்த குறி அட்டையைக் கடைக்காரர் காட்டினார். நம்பலாமா?

அட்டை பொய்யாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் மூன்று பெல்லட்டை வைத்து ஒரு துப்பாக்கியை எடை போட முடியாது. எந்தத் துப்பாக்கியும் சில சமயம் அதிர்ஷ்டத்தால் மூன்றை ஒட்டினாற்போல் போடும். கணக்குப்படி, சராசரியாக மூன்று பெல்லட்டுக்கு 10 மில்லிமீட்டர் குரூப் (ஓட்டைகள் சிதறும் அகலம்) தரும் துப்பாக்கி ஐந்து பெல்லட்டுக்குச் சுமார் 13, பத்துக்குச் சுமார் 16 மில்லிமீட்டர் தரும். துப்பாக்கி மாறவில்லை, எண்ணிக்கைதான் கூடியது. ஆகவே இரண்டு பேர் தங்கள் துப்பாக்கிகளை ஒப்பிடும்போது எத்தனை பெல்லட் சுட்டார்கள் என்று முதலில் கேளுங்கள்.

நான் செய்வது இது. பத்து பெல்லட், ஒரே அட்டை, ஒரே பிடி. இடையில் ஒன்று விலகிப் போனால் "அது என் கை தவறு" என்று கழிக்கக் கூடாது, அதையும் எண்ண வேண்டும். இப்படி மூன்று அட்டை. ஓட்டைகளில் மிகத் தள்ளியிருக்கும் இரண்டின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரத்துக்கு அளந்து, ஒரு பெல்லட்டின் அகலமான 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்திலிருந்து மையம் கிடைக்கும். மூன்று அட்டையின் சராசரியை எழுதி வைக்கிறேன். மிகச் சிறிய அட்டையை யாரிடமும் காட்டுவதில்லை. அதைக் காட்டினால் கேட்பவர் தவறான துப்பாக்கியை வாங்கிவிடுவார்.

அதே நண்பர்: விளம்பரத்தில் "ஆயிரம் அடி வேகம்" என்கிறார்கள். வேகம் கூடினால் நல்லதுதானே?

முதலில் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி 4.5 மில்லிமீட்டர் காலிபரும் (குழலின் உள் அகலம்) 20 ஜூலுக்கு மிகாத சக்தியும் உள்ள ஏர் ரைஃபிளுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வழக்கமான 0.53 கிராம் பெல்லட்டுக்கு 20 ஜூல் என்றால் வேகம் வினாடிக்குச் சுமார் 275 மீட்டர். ஆயிரம் அடி என்பது 305 மீட்டர். அந்த வேகத்தில் அதே பெல்லட் போனால் 24 ஜூலைத் தாண்டிவிடும். அப்படியானால் ஒன்று, அவர்கள் மிக லேசான அலாய் பெல்லட்டை வைத்து அளந்திருக்கிறார்கள். இல்லையென்றால் அந்தத் துப்பாக்கி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்கக் கூடாதது. வாங்குவதற்கு முன் எந்த பெல்லட்டில் அளந்தது என்று கேட்டு, சக்தி எத்தனை ஜூல் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது குறி. ஒலியின் வேகமான 343 மீட்டரை நெருங்க நெருங்க பெல்லட் தடுமாறும். ஒலிம்பிக்கில் சுடும் மேட்ச் ரைஃபிள்கள் வெறும் 170 மீட்டர் வேகத்தில், அதாவது 7.5 ஜூல் அளவில்தான் சுடுகின்றன. 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இந்த வகைத் துப்பாக்கியில்தான். அந்த அட்டையில் பத்துப் புள்ளி வட்டம் அரை மில்லிமீட்டர் அகலம். அங்கே வேகத்துக்கு என்ன வேலை?

லட்சுமிபாய் நகரிலிருந்து ஒரு அம்மா: என் மகளுக்குப் பதின்மூன்று வயது. துப்பாக்கி சுடும் வீராங்கனை இளவேனில் வாலறிவனைப் பார்த்ததிலிருந்து ரைஃபிள் கேட்கிறாள். எதை வாங்கித் தரட்டும் சார்?

அம்மா, இப்போது எதையும் வாங்க வேண்டாம். ரேஞ்சில் பயிற்சியாளரிடம் சேர்த்து, ஆறு மாதம் அங்கிருக்கும் துப்பாக்கியில் சுடட்டும். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்து உலக அளவில் முதலிடம் பிடித்த பெண்ணைப் பார்த்து ஆசை வருவது மிக நல்ல விஷயம். அந்த ஆசை ஆறு மாதம் அசையாமல் நின்று பயிற்சி செய்த பிறகும் இருந்தால் அப்புறம் செலவு செய்யுங்கள். வளரும் பிள்ளைக்கு ஸ்டாக் நீளம் கூட்டிக் குறைக்க முடிகிற துப்பாக்கியாக இருக்க வேண்டும். தோளில் சேராத துப்பாக்கி எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அவளுக்கு உபயோகமில்லை.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வெளிநாட்டுப் பழைய மேட்ச் ரைஃபிள் பாதி விலைக்கு வருகிறது என்று யாராவது சொன்னால், அதில் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்று சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். அந்த சிலிண்டர்களுக்குப் பத்து வருட ஆயுள். அதற்குமேல் போட்டியில் அனுமதி கிடைக்காது, 200 பார் அழுத்தக் காற்றை வைத்துக்கொண்டு முகத்துக்குப் பக்கத்தில் பிடிப்பதும் பாதுகாப்பில்லை. புது சிலிண்டர் விலையைச் சேர்த்தால் "பாதி விலை" என்பது இருக்காது. எனக்கே ஒரு வியாபாரி அப்படி ஒன்றைத் தள்ளிவிட்டார். தேதி இருந்த பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அதை உரித்துப் பார்க்கத் தோன்றாமல் போனது.

பழைய ஸ்பிரிங் ரைஃபிள் வாங்கும்போது என்னென்ன பார்ப்பது? (ஜனக்புரி)

குழலை மடித்துத் திறக்கும் வகையானால், மூடியபின் குழல் நுனியைப் பிடித்து இடம் வலமாக ஆட்டிப் பாருங்கள். இம்மியும் ஆடக் கூடாது. ஆடினால் ஸ்கோப்பும் (குறி பார்க்கும் தொலைநோக்கி) குழலும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு திசையைப் பார்க்கும், அதில் எந்த பெல்லட்டும் உதவாது.

அப்புறம் ஒரு மெல்லிய டிஷ்யூ பேப்பர் துண்டை குழல் திறக்கும் இணைப்பின் மேல் வைத்துச் சுடச் சொல்லுங்கள், பெல்லட்டோடுதான். பேப்பர் பறந்தால் அங்கே காற்று கசிகிறது. ரப்பர் சீல் மாற்றினால் சரியாகும், விலையில் குறைத்துக் கேட்கலாம். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுட்டுக் காட்ட விடாதீர்கள், பிஸ்டன் போய் உலோகத்தில் மோதும்.

கடைசியாகக் குழலின் வாய். துப்பாக்கி காலி என்பதை உறுதி செய்துகொண்டு, காது குடையும் பஞ்சுக்குச்சியை வாய் விளிம்பில் மெதுவாகச் சுற்றுங்கள். ஓரிடத்தில் பஞ்சு நூல் மாட்டினால் அங்கே பிசிர் இருக்கிறது. பெல்லட் கடைசியாகத் தொடும் இடம் அதுதான். ஒரு பக்கம் பிசிர் இருந்தால் காற்று ஒரு பக்கமாக முந்தித் தள்ளும், பெல்லட் சாயும். வெளியே பாலிஷ் பளபளக்கும் துப்பாக்கியிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

ரோஹிணியிலிருந்து: என் மச்சான் டெக்ஸாஸில் இருக்கிறார். மான் வேட்டைக்கு ருகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் மாதிரி மலிவு ரைஃபிள் போதுமா, இல்லை இரண்டு மடங்கு கொடுத்து வாங்க வேண்டுமா என்று கேட்கிறார்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குச் சட்டம் வந்து, 1991 திருத்தத்தோடு வேட்டை லைசென்ஸே இல்லாமல் போய்விட்டது. அங்கே அது சட்டபூர்வம் என்பதால் துப்பாக்கியைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

போதும். மலிவு ரைஃபிள் குறி தவறும் என்பது பழைய காலத்துப் பேச்சு. சாவேஜில் குழலை ஒரு நட் வைத்து இறுக்குகிறார்கள். அதனால் தோட்டா உட்காரும் இடைவெளியை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் கைவேலை இல்லாமல் துல்லியமாக வைக்க முடிகிறது. ருகர், குழலைக் குளிர்நிலையில் சுத்தியலால் அடித்து உருவாக்குகிறது. இந்த முறைகளால் செலவு குறைந்தது, துல்லியம் குறையவில்லை. மிச்சம் பிடித்தது எங்கே என்று பார்த்தால் பிளாஸ்டிக் ஸ்டாக், பிளாஸ்டிக் மேகசின், கொஞ்சம் கரகரவென்று நகரும் போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டு), மேல்பூச்சு. மான் இதையெல்லாம் பார்க்காது.

அவர் கவனிக்க வேண்டியது ஸ்டாக்கைத்தான். ஒரு டாலர் நோட்டை குழலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் நுழைத்து, பின்னோக்கி, தோட்டா உட்காரும் சேம்பர் வரை இழுத்துப் பார்க்கட்டும். தடையில்லாமல் போக வேண்டும். பிறகு ஸ்டாக்கின் முன்பகுதியைக் கையால் குழலோடு சேர்த்து அழுத்தட்டும். மலிவு பிளாஸ்டிக் வளைந்து குழலைத் தொட்டுவிடும். அப்படித் தொட்டால் மேடையில் வைத்துச் சுடும்போது ஒரு குறி, பெல்ட்டை இழுத்துப் பிடித்துச் சுடும்போது இன்னொரு குறி. உள்பக்கம் கொஞ்சம் தேய்த்து இடைவெளி விட்டால் தீரும்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே அளப்பது எம்.ஓ.ஏ. கணக்கில், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக் கோணம். 100 கஜத்தில் ஒரு எம்.ஓ.ஏ. என்பது ஏறக்குறைய ஒரு அங்குலம். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் 8 அங்குலம். இரண்டு எம்.ஓ.ஏ. தரும் சாதாரண ரைஃபிள்கூட 200 கஜத்தில் 4 அங்குலத்துக்குள் போடும். காட்டில் மூச்சு வாங்க, மரத்தில் சாய்ந்து சுடும் மனிதன் அந்த 4 அங்குலத்துக்குள் போடுவானா என்பதுதான் பெரிய கேள்வி. மிச்சமாகும் பணத்தில் தோட்டா வாங்கிப் பழகச் சொல்லுங்கள். ரைஃபிளோடு இலவசம் போல் சேர்த்துத் தரும் ஸ்கோப்பை மட்டும் நம்ப வேண்டாம், அதற்குத் தனியாக நல்ல பணம் ஒதுக்கட்டும்.

இன்னொன்று. வேட்டை ரைஃபிளின் குழல் மெல்லியது. நாலைந்து தோட்டாவில் சூடாகிக் குறி நகரும். ஆனால் மானுக்கு விழுவது ஆறிய குழலின் முதல் குண்டு. ஆகவே ஒரே அட்டையை வைத்துக்கொண்டு, ஐந்து நாள், நாளுக்கு ஒரே ஒரு தோட்டா, ஆறிய குழலிலிருந்து சுடட்டும். அந்த ஐந்து ஓட்டையும் எங்கே இருக்கிறதோ அதுதான் அவருடைய ரைஃபிளின் உண்மையான குறி. காயப்பட்டு ஓடும் மிருகத்தைத் தவிர்க்க இதைவிட நல்ல பரிசோதனை எனக்குத் தெரியாது.

கரோல் பாகிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர்: தேனிப் பக்கம் எங்கள் வீட்டில் அப்பாவின் .315 ரைஃபிள் இருக்கிறது. அப்பா போய்விட்டார். அது இன்னும் சரியாகச் சுடுமா?

சார், சுடுமா என்பதற்கு முன்னால் ஒன்று. லைசென்ஸ் வைத்திருந்தவர் காலமானதும் அந்தத் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் உள்ள வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். வாரிசாக உங்கள் பேருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். அது முடியும் வரை யாரும் தொட வேண்டாம், ஊருக்குப் போன் செய்து இன்றே சொல்லிவிடுங்கள்.

கையில் வந்தபின், தெரிந்த ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) காட்டாமல் ஒரு தோட்டாவும் போடாதீர்கள். .315 பெரும்பாலும் இஷாபூர் ரைஃபிள் ஃபேக்டரி செய்தது, லீ என்ஃபீல்டு அமைப்பு. ராணுவத் தோட்டாவான .303ஐப் பொதுமக்கள் வைத்திருக்க ஆங்கிலேயர் அனுமதிக்காததால் உருவான அளவு அது. உறுதியான துப்பாக்கி, ஆனால் அப்பா காலத்துத் தோட்டாவின் மருந்து குழலை அரித்திருக்கலாம். ஒரு பக்கம் வெளிச்சம் காட்டி மறுபக்கம் பார்த்தால் குழலின் உட்சுவரில் உள்ள திருகுவரிகள் கூர்மையாக நிற்க வேண்டும். அம்மைத் தழும்பு மாதிரி குழி தெரிந்தால் துல்லியம் போய்விட்டது என்று அர்த்தம்.

பால்கனியில் புறாத் தொல்லை. ஏர் கன் உதவுமா? (வசுந்தரா என்க்ளேவ்)

கூடாது. வலை கட்டுங்கள். எதிர் பிளாக்கில் குழந்தைகள் இருக்கிறார்கள்.

முனிர்க்கா மாணவர் மறுபடியும்: அண்ணா, இனி எந்த பெல்லட் வாங்குவது? மழைக்காலத்தில் எப்படி வைப்பது?

நாலு வகையில் ஒவ்வொரு டப்பா வாங்கு. ஒரே பிராண்டில்கூட பெல்லட்டின் தலை அகலம் 4.49, 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று வரும். உன் குழலுக்கு எது சேரும் என்பதை அட்டைதான் சொல்லும், விலை சொல்லாது. வகை மாற்றும்போது முதல் பத்தைக் கணக்கில் சேர்க்காதே, குழல் புது ஈயத்துக்குப் பழக வேண்டும். டப்பாவைத் தட்டில் கொட்டி, பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்பகுதி) நசுங்கியதை ஒதுக்கிவிடு.

ஜூலையில் ஸ்பாஞ்ச் பெட்டிக்குள் பூட்டி வைக்காதே, ஸ்பாஞ்ச் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வெளி உலோகத்தில் துணியால் மெல்லிய எண்ணெய், பீரோவில் சிலிக்கா ஜெல். பிஸ்டன் பக்கம் எண்ணெய் விடாதே, அழுத்தத்தில் பற்றிக்கொண்டு புகையும், சீல் போய்விடும். ஸ்க்ரூ டிரைவரைப் பையிலேயே வைத்துக்கொள், ஐம்பது பெல்லட்டுக்கு ஒரு தடவை ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்.