அமைவுக் கோப்புகளில் குறியாக்கப் பிழைகள்: கேள்வி-பதில்

கேள்வி: ஜேசன் வடிவ அமைவுக் கோப்பின் முதல் எழுத்திலேயே பிழை என்று பில்ட் (நிரலைத் தொகுக்கும் வேலை) நின்றுவிடுகிறது. அங்கே இருப்பது வெறும் அடைப்புக்குறிதான்.

பதில்: அடைப்புக்குறிக்கு முன்னால் இஎஃப், பிபி, பிஎஃப் என்ற 3 பைட் பிஓஎம் (குறியாக்கத்தைக் காட்டக் கோப்பின் தலையில் வைக்கும் அடையாளம்) ஒளிந்திருக்கும். பைட்டுகளை அப்படியே காட்டும் ஹெக்ஸ் வியூவரில் உறுதி செய்துகொண்டு, பிஓஎம் இல்லாத யுடிஎஃப்-8 (யுனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக்கும் குறியாக்கம்) ஆகச் சேமியுங்கள்.

கேள்வி: விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல்லில் '>' குறியால் உருவாக்கிய கோப்பை கிட் (பதிப்புகளைக் காக்கும் மென்பொருள்) பைனரி, அதாவது உரையல்லாத கோப்பு, என்கிறது. அளவும் இரு மடங்கு.

பதில்: பவர்ஷெல் 5.1 அந்தக் குறிக்கு யுடிஎஃப்-16 ஆகவே எழுதும். ஆங்கில எழுத்து ஒவ்வொன்றோடும் ஒரு சுழிய பைட் சேர்வதால் கிட் மிரள்கிறது. யுடிஎஃப்-8 என்று வெளிப்படையாகக் கேட்டாலும் 5.1 பிஓஎம் சேர்த்தே தரும். பதிப்பு 7இல் இந்தத் தொல்லை இல்லை.

கேள்வி: கோப்பைத் திறந்தால் எல்லாம் பூச்சி பூச்சியாகத் தெரிகிறது. உடனே தீர்வு தேவை.

பதில்: எந்தக் கோப்பு, எந்த எடிட்டர் என்று ஒரு வரிகூட எழுதாதவருக்கு ஒன்றுதான் சொல்ல முடியும்: சேமிக்காமல் மூடுங்கள். தவறான குறியாக்கத்தில் திறப்பதால் கோப்பு கெடாது, சேமித்தால்தான் கெடும்.

கேள்வி: தமிழ்ச் செய்திகள் கொண்ட யாமல் வடிவ அமைவுக் கோப்பை, மேற்கத்திய மொழிகளுக்கான பழைய விண்டோஸ்-1252 குறியாக்கத்தில் திறந்து, யுடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டோம். மீட்க எழுதிய பைத்தான் நிரல் இடையிடையே பிழை தந்து நிற்கிறது.

பதில்: பூச்சியெழுத்தைக் கண்ட பிறகும் சேமிக்கும் பொத்தானை நோக்கிக் கை ஏன் போகிறது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நான் பார்த்த ஒரு கோப்பை மூவர் அடுத்தடுத்துத் 'திருத்தி' வைத்திருந்தார்கள். முதல் முறையிலேயே 3 பைட் எழுத்து ஏறத்தாழ 7 பைட்டாக வீங்கிவிடும், மற்ற இருவர் செய்ததை நீங்களே கணக்கிடுங்கள்.

உங்கள் நிரல் நிற்குமிடம் பெரும்பாலும் மெய்யெழுத்தின் புள்ளியாகவோ உகரக் குறியாகவோ இருக்கும். யுடிஎஃப்-8இல் புள்ளி இ0 ஏஎஃப் 8டி, உகரக் குறி இ0 ஏஎஃப் 81. விண்டோஸ்-1252 அட்டவணையில் 81, 8டி, 8எஃப், 90, 9டி ஆகிய 5 இடங்கள் காலி. உங்கள் எடிட்டர் அந்த பைட்டுகளைக் கட்டுப்பாட்டு எழுத்துகளாக விட்டுவைத்திருந்தால் பிழைத்தீர்கள். அந்த ஐந்தை மட்டும் உள்ளது உள்ளபடியே பைட்டாக்குமாறு நிரலில் விதிவிலக்குச் சேருங்கள். மாறாக, அவ்விடங்களில் கேள்விக்குறி போட்ட சாய்சதுரம் தெரிந்தால் மூன்றாவது பைட் போய்விட்டது. அது புள்ளியா உகரமா என்று எந்த நிரலாலும் அறிய முடியாது. கிட் வரலாற்றிலிருந்து பழைய பதிப்பை எடுங்கள். இனியாவது நகல் எடுக்காமல் எதையும் சேமிக்காதீர்கள்.

கேள்வி: ஜாவா 8 திட்டத்தில் பிராப்பர்ட்டீஸ் கோப்பின் தமிழ் சிதைகிறது. கோப்பு யுடிஎஃப்-8தான்.

பதில்: கோப்பில் பிழையில்லை. ஜாவா 8 ரிசோர்ஸ் பண்டிலை (பிராப்பர்ட்டீஸ் கோப்பில் உள்ள செய்தித் தொகுப்பை) ஐஎஸ்ஓ-8859-1 என்ற மேற்கத்தியக் குறியாக்கத்தில் படிக்கும். 2017இல் வந்த ஜாவா 9 முதல்தான் யுடிஎஃப்-8. பழையதிலேயே இருக்க வேண்டுமெனில் யுனிகோடு எண்களாக மாற்றி எழுதுங்கள்.

கேள்வி: ஆவணத்திலிருந்து நகலெடுத்து ஒட்டிய அமைவு வரிகளை ஜேசன் ஏற்கவில்லை. குறியாக்கம் சரியாகவே உள்ளது.

பதில்: மேற்கோள்குறிகள் சுருண்டிருக்கும். அழித்துவிட்டு நேர்க்குறியைக் கையால் தட்டுங்கள்.