அம்மாவின் கிளாகோமாவுக்கு முதலில் சொட்டு மருந்தா, லேசரா?

மும்பை மாட்டுங்காவில் இருக்கும் உங்கள் அம்மாவுக்குக் கிளாகோமா, அதாவது பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் அழுத்த நோய். சொட்டு மருந்துக்கு முன்பே எஸ்.எல்.டி. லேசர் (கண்ணுக்குள் இருக்கும் நீர் நன்றாக வடியச் செய்து அழுத்தத்தைக் குறைப்பது) செய்யலாம் என்கிறார் டாக்டர், அது அவசரப்படுவதாகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகாது, லேசரை முதலிலேயே செய்யலாம். பிரிட்டனில் 718 பேரிடம் நடத்தி, 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான லைட் ஆய்வு இதைத்தான் சோதித்தது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதலில் லேசர், மற்றவர்களுக்குச் சொட்டு மருந்து. மூன்று வருடம் கழித்தும் லேசர் செய்துகொண்டவர்களில் சுமார் 74 சதவீதம் பேருக்குச் சொட்டு மருந்தே இல்லாமல் கண் அழுத்தம் கட்டுக்குள் இருந்தது, ஆறாம் வருடத்தில் சுமார் 70 சதவீதம். அறுவை சிகிச்சை வரை போனவர்களும் சொட்டு மருந்துப் பிரிவில்தான் அதிகம்.

ஆனால் அது, கண்ணுக்குள் நீர் வடியும் இடமான ‘கோணம்’ திறந்தே இருக்கும் வகைக்கான ஆய்வு. நம் நாட்டில் கோணம் மூடிக்கொள்ளும் வகையும் நிறைய உண்டு, அதற்கு வழியே வேறு. அதனால் கண்ணை மரக்கவைத்து, லென்ஸ் வைத்துக் கோணத்தைப் பார்க்கும் கோனியோஸ்கோபி செய்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

அப்புறம், லேசரோடு வேலை முடியாது. அதன் பலன் நாளாவட்டத்தில் குறையலாம், தேவைப்பட்டால் திரும்பவும் செய்யலாம். இழந்த பார்வை திரும்பாது என்பதால் கண்காணிப்பு முக்கியம். ஓரப் பார்வை எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பார்வைப் புலச் சோதனையில் நேராகப் பார்த்தபடி, ஓரத்தில் மங்கலாக வெளிச்சம் தெரிந்தாலும் பட்டனை அமுக்க வேண்டும். அங்கே இந்தியிலோ மராத்தியிலோ சொல்வார்கள், அம்மாவுக்குத் தமிழில் முன்பே சொல்லிக்கொடுங்கள், புரியாமல் செய்தால் முடிவு தப்பாக வரும். பழைய ரிப்போர்ட்டுகளை ஒவ்வொரு முறையும் கையோடு கொண்டுபோங்கள்.