சிசேரியன் ஆகி 18 நாள், இடது கால் மட்டும் வீங்குது... யானைக்காலா டாக்டர்?

தங்கச்சி, மொதல்ல அந்தக் கால்ல எண்ணெய் போட்டு உருவுறத நிறுத்தச் சொல்லுங்க, மீதிய அப்புறம் படிச்சுக்கலாம். பாபநாசம் பக்கத்துலேர்ந்து எழுதிருக்கீங்க, நாலு நாளா இடது கால் தொடை வரைக்கும் வீங்கி பாரமா வலிக்குது, பக்கத்து வீட்டு ஆயா யானைக்கால்னு சொல்ல வீட்டுக்காரர் மருந்துக்கடையில கேட்டு யானைக்கால் மாத்திரையே வாங்கிட்டு வந்துட்டாரு. நான் பயப்படுறது யானைக்காலுக்கு இல்லம்மா, இடுப்புக்குள்ள ரத்தம் உறைஞ்சு சிரை அடைச்சிருக்குமோன்னுதான்.

கும்பகோணத்த சுத்தி ஒரு காலத்துல யானைக்கால் அவ்ளோ பேருக்கு இருந்துச்சு, அதனால உங்க பயம் புரியுது. ஆனா அது நாலு நாள்ல வராது. கொசு கடிச்சு உள்ள போன புழு நிணநீர்க் குழாய்ல வருஷக்கணக்கா இருந்து, காய்ச்சலும் நெறி கட்டுறதும் திரும்பத் திரும்ப வந்து, அப்புறம் மெதுவாத்தான் கால் தடிக்கும். அந்த மாத்திரைய தூக்கிப் போடுங்க, கடைக்காரர் உங்க காலப் பாக்கவே இல்ல.

ஏன் இடது கால் மட்டும்னு கேட்டிருக்கீங்க, நல்ல கேள்வி. தொப்புள் மட்டத்துல முதுகெலும்புக்கு முன்னாடி பெரிய தமனி ரெண்டாப் பிரியுது, அதுல வலது காலுக்குப் போற கிளை குறுக்கால வந்து, இடது கால்லேர்ந்து ரத்தத்த திருப்பிக் கொண்டுவர்ற சிரை மேல ஏறிப் படுத்துக்கும். எல்லாருக்கும் அப்படித்தான். கர்ப்பத்துல கர்ப்பப்பை வேற பெருசாகி அமுக்கும். பிரசவத்துல ரத்தம் ரொம்பப் போயிடக்கூடாதுன்னு உடம்பே ரத்தம் உறையுற தன்மைய கூட்டி வச்சுக்கும், குழந்தை பொறந்து 6 வாரம் வரைக்கும் அந்த ஆபத்து கூடுதல். அதுக்கு மேல ஆபரேஷன், அதுக்கும் மேல நம்ம வீட்டுப் பத்தியம், தண்ணி குடிக்காத எந்திரிக்காத நடக்காத. வடிகால் அடைச்சா வயல்ல தண்ணி ஏறி நிக்குமே, உங்க கால்ல இப்ப அதுதான் நடக்குதுன்னு சந்தேகப்படுறேன்.

ஒரு கால் மட்டும், சில நாளுக்குள்ள, தொடை வரைக்கும் வீங்குறது, இத ஒண்ண மட்டும் தள்ளிப் போடாதீங்க. டெய்லர் டேப் இருந்தா ரெண்டு கெண்டைக்காலையும் ஒரே எடத்துல அளந்து பாருங்க, 3 சென்டிமீட்டருக்கு மேல வித்தியாசம்னா சந்தேகம் இன்னும் பலமாகுது. அளவு கம்மியா இருந்தாலும் இன்னிக்கே தஞ்சாவூரோ கும்பகோணமோ போயி டாப்ளர் ஸ்கேன் (சிரையில ரத்தம் ஓடுறதப் பாக்குற ஸ்கேன்) எடுத்தாகணும். தொடையில மட்டும் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு சொன்னா, இடுப்புக்குள்ள இருக்கற சிரையையும் பாக்கணும்னு நீங்களே கேளுங்க, அங்கதான் பலநேரம் விட்டுப்போகும். உறைஞ்ச ரத்தக்கட்டி பிச்சுக்கிட்டுப் போனா இதயம் வழியா நுரையீரல்ல போய் அடைக்கும், கால உருவக்கூடாதுன்னு நான் கத்துறது அதுக்காகத்தான். திடீர்னு மூச்சு வாங்குனாலோ, மூச்சு இழுக்கும்போது நெஞ்சு குத்துனாலோ, இருமல்ல ரத்தம் வந்தாலோ, மயக்கம் வந்தாலோ பஸ்ஸுக்கு நிக்காதீங்க, 108க்கு போன் பண்ணுங்க.

நீங்க எழுதிருக்கற மத்ததெல்லாம் சின்ன விஷயம். ரெண்டு பக்க கவட்டியிலயும் பட்டாணி அளவுல நகர்ற கட்டி ரொம்ப வருஷமா இருக்குன்னா அது சாதா நெறி, வெறுங்காலோட வயல்ல இறங்குற நெறைய பேருக்கு இருக்கும். தழும்புக்குக் கீழ மரத்துப் போறது தோல் நரம்பு அறுபட்டதால, பெரும்பாலும் மாசக்கணக்குல சரியாகும். தொடைக்கு வெளிப்பக்கம் எரியுறதுக்கு பாவாடை நாடாவ லூசா கட்டுங்க, இடுப்பு எலும்பு ஓரமா போற ஒரு நரம்பு அமுங்குது, அவ்ளோதான். யூடியூப் பாத்து பக்கவாதம்னு ராத்திரியெல்லாம் அழுதிருக்கீங்க, அந்த வீடியோவ இனிமே பாக்காதீங்கம்மா.

கடைசி வரியில தயங்கித் தயங்கி எழுதிருக்கீங்க, ஆஸ்பத்திரி போனா பால் குடுக்கக்கூடாதுன்னு சொல்லிடுவாங்களோன்னு. இதுக்குத்தான் நாலு நாளா வீட்டுலயே இருந்தீங்களா? ரத்தக்கட்டின்னு உறுதியானா, ரத்தம் மேல உறையாம இருக்கப் போடுற ஹெப்பாரின் ஊசி, அப்புறம் தர்ற வார்ஃபரின் மாத்திரை ரெண்டுலயுமே தாராளமா பால் குடுக்கலாம். பிள்ளையையும் தூக்கிட்டே கிளம்புங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க, கட்டின்னு தெரிஞ்சா மாலா-என் (Mala-N) மாதிரியான கர்ப்பத்தடை மாத்திரை உங்களுக்கு ஆகாது, காப்பர் டி பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, அடுத்த குழந்தை உண்டானா மொத நாளே இந்தக் கால் வீங்குன கதைய சொல்லிடுங்க.